இவர் கை சும்மா இருக்காது

ஐந்தாவது மாடியில், தன் ஆபீஸில், வக்கீல் அம்மா வாய் வலிக்க விளக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்கின் காது அங்கே இல்லை. அது கதவுக்கு வெளியே, அந்தக் கட்டடத்து லிஃப்ட்டோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடியைத் தாண்டும்போதெல்லாம் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். கதவு உருளை தேய்ந்திருக்கிறது, இன்னும் இரண்டு மாதம்கூடத் தாங்காது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். முப்பது வருஷமாக லிஃப்ட்டோடு குடித்தனம் நடத்துகிறவரை வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?

நல்லவேளை, பக்கத்தில் அவர் மனைவி இருந்தாள். மருந்துக்கடையில் சீட்டு பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. டாக்டர் கிறுக்கியதையே படிக்கிறவள், வக்கீல் சொல்வதையா விட்டுவிடப் போகிறாள்? ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள்.

“நாலு குடித்தனம் இருக்கிற வீட்டை வாங்கி வாடகைக்கு விடப் போறீங்க. நல்லது. ஆனா உங்க பேர்ல வாங்காதீங்க. ஒரு சின்ன கம்பெனி ஆரம்பிச்சு, அது பேர்ல வாங்குங்க,” என்றார் வக்கீல் அம்மா. “நாளைக்கு அந்த வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆகி, வழக்கு வந்தா, அது கம்பெனியோட நிக்கும். நீங்க இப்ப குடியிருக்கிற வீட்டு வாசலுக்கு வராது.”

குடியிருக்கும் வீடு என்றதும் மெக்கானிக்கின் காது திரும்பி வந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு இடம். இருபத்திரண்டு வருஷம் தவணை கட்டி மீட்ட வீடு. நாலு குடித்தன வீட்டைவிடப் பெரிய கட்டடம் ஒன்றை வாங்கலாம், உங்கள் வீட்டை மட்டும் ஈடாக வையுங்கள் என்று பேங்கில் சொன்னபோது, கணவனும் மனைவியும் சேர்ந்தாற்போல எழுந்து வெளியே வந்தவர்கள். அந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே நாக்கு.

“அப்போ நான் வாங்கற வீட்டுக்கு நான் சொந்தக்காரன் இல்லையா?” என்று கேட்டார். வாசலில் தன் பெயர் பொறித்த பலகை மாட்ட வேண்டும் என்று ரகசியமாக ஆசை வைத்திருந்தார் மனிதர்.

“கம்பெனிக்கு நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்க. வீட்டுக்கு கம்பெனி சொந்தம். நடுவுல ஒரு சுவர் இருக்கு, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு.” வக்கீல் அம்மா பேனாவை மேஜையில் தட்டினார். “உங்க கையால நீங்களே ஏதாவது வேலை செஞ்சு, அதுல தப்பு நடந்து யாருக்காவது அடிபட்டா, அந்தச் சுவர் உங்களைக் காப்பாத்தாது. அது வீட்டோட தப்பு இல்ல, உங்க தப்பு. நேரா உங்க மேல வரலாம்.”

‘கிரீச்’ என்றது லிஃப்ட். காது மறுபடியும் வெளியே ஓடிவிட்டது. மனைவி மட்டும் அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

அடுத்த வாரம் இன்ஷூரன்ஸ்காரர் வீட்டுக்கு வந்தார். வாடகை வீட்டில் யாருக்காவது காயம் பட்டால் நஷ்டஈடு கொடுக்கும் பாலிசிக்கு ஆறு பக்க விண்ணப்பம். கேள்வியை வாசித்து, பதிலை எழுதி, அடுத்த கேள்விக்குப் போனார். நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: “கட்டடத்தோட பழுது பார்க்கிற வேலையெல்லாம் யார் செய்வாங்க?”

“வெளி ஆளுங்கதான்,” என்றார் மெக்கானிக், கூசாமல். அப்படிச் சொன்னால் பிரீமியம் குறையும் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

“அப்படி எழுதாதீங்க சார். இவர் கை சும்மா இருக்காது.”

“ஏம்மா…”

“போன மாசம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம் சார். மண்டபத்துல எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. இவரு மேடைக்குக் கீழ படுத்துக்கிட்டு ஆடுற பலகைக்கு ஆப்பு அடிச்சுக்கிட்டு இருந்தாரு. சொந்த வீடுன்னு நாலு குடித்தனம் கையில கிடைச்சா விடுவாரா? இவரே செய்வாருன்னு எழுதுங்க.”

இன்ஷூரன்ஸ்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எழுதலாம் அம்மா. ஆனா சார் பேரைத் தனியா சேர்க்கணும். பிரீமியம் கொஞ்சம் ஏறும்.”

“ஏறட்டும்.”

பாலிசி கையெழுத்தானது. மெக்கானிக்கின் முகம் மட்டும் சுண்டிப்போயிற்று. ஆள் போன பிறகு ஆரம்பித்தார்.

“முப்பது வருஷம். என் கையால ஓட்டிவிட்ட லிஃப்ட்ல எத்தனை லட்சம் பேர் ஏறி இறங்கியிருப்பாங்க? ஒருத்தனுக்கு ஒரு கீறல் உண்டா? ஊரே நம்புற கையை, கட்டின பொண்டாட்டி நம்பல. மூணாவது மனுஷன் முன்னாடி மானம் போச்சு.”

“தினம் கடையில கேக்கறேன், வேற என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு. ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டு, வீட்டுல போய் நாலு மாத்திரை சேர்த்து முழுங்குவாங்க. அப்புறம் கொடுத்த மருந்தே விஷமாயிடும். இந்தப் பேப்பரும் அப்படித்தாங்க. உள்ளதைச் சொன்னாத்தான் வேலை செய்யும்.”

பதில் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமான பதிலைக் கேட்டால் சிலருக்குக் கோபம் இரண்டு மடங்காகும். மூன்று நாள் அவர் வீட்டில் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட உப்பு டப்பாவைப் பார்த்தார்.

நாலு குடித்தன வீடு கைக்கு வந்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. பழைய வீடு, ஆனால் எலும்பு உறுதியான வீடு. வாரம் ஆறு நாள் லிஃப்ட், ஏழாவது நாள் அந்த வீடு என்று ஆனது. ஒழுகும் குழாயை மாற்றினார். முனகும் கதவுகளுக்கு எண்ணெய் விட்டார். குடித்தனக்காரர்கள் கேட்காத இடத்திலெல்லாம் கொக்கி அடித்துக் கொடுத்தார். மனைவி எல்லாவற்றையும் பார்த்தாள்; நான்தான் சொன்னேனே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மாடியில் ஒரு குடித்தனத்தில் தையல்காரி ஒருத்தி இருந்தாள். தனிக்கட்டை. முன்னறை முழுக்க மெஷின், துணி, நூல்கண்டு. காலையில் தைத்து முடித்ததை மூட்டையாகக் கட்டி, மோவாய் வரை அணைத்துக்கொண்டு படி இறங்குவாள். கீழே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. படி திரும்பும் இடத்தில் இடுப்பைக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து, ஒரு மூச்சு வாங்கி, மீதிப் படி இறங்குவாள். அது அவள் வழக்கம்.

அந்தக் கம்பி லேசாக ஆடுவதை மெக்கானிக்கின் கை ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தது. விடுமா? நான்கு போல்ட்டையும் கழற்றினார். இரண்டு துருப்பிடித்து நூலாகியிருந்தன. புதுசு வாங்க வேண்டும். கடை பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். கம்பியை இருந்த இடத்திலேயே நிறுத்திவைத்து, பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து அதன் மேல் தொங்கவிட்டார். ‘வேலை நடக்கிறது. தொடாதே.’

லிஃப்ட் வேலையில் அந்த அட்டைதான் சட்டம். மெயின் சுவிட்சைப் பூட்டி, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டால், மாட்டியவன் வந்து எடுக்கும்வரை முதலாளியே வந்தாலும் தொடமாட்டார். முப்பது வருஷமாக அந்த அட்டை அவரைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் அவர் அட்டையை மாட்டினார், நிம்மதியாகக் கடைக்குப் போனார். லிஃப்ட்டுக்குப் பூட்டு உண்டு, கதவு உண்டு; மாடிப்படிக்கு ஏது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

போல்ட்டோடு திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். கீழே துணிகள் இறைந்து கிடந்தன. கம்பி குறுக்கே விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் தையல்காரி வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, சத்தம் போடாமல் அழுதுகொண்டிருந்தாள். சிவப்பு அட்டை இன்னும் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. உள்ளே தகடு வைத்தார்கள். ஆறு மாதம் கத்திரிக்கோல் பிடிக்கக் கூடாது என்றார் டாக்டர்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனார். கட்டிலோரத்தில் நின்றார், உட்காரத் தோன்றவில்லை. தையல்காரி இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் போர்வைக்கு மேலே விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள். முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இடது கையால் வெட்ட முடியுமா என்று பழகிப் பார்க்கிறாள்.

“நீங்க வேணும்னு செய்யல அண்ணா, தெரியும்,” என்றாள். “ஆனா எனக்குன்னு இருக்கிறது இந்தக் கை ஒண்ணுதான். நோட்டீஸ் அனுப்பச் சொல்லியிருக்கேன். எனக்கு வேற வழி தெரியல. தப்பா நினைக்காதீங்க.”

“தப்பு என் பேர்லதான்மா,” என்றார். வெளியே வந்து, லிஃப்ட் இருந்தும் படியிலேயே இறங்கினார். தன் இரண்டு கையையும் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

நோட்டீஸ் வந்தது. அதில் இரண்டு பேர் மேல் புகார். ஒன்று கம்பெனி. இன்னொன்று, ‘கம்பியைத் தன் கையால் கழற்றிவிட்டுப் போனவர்’ என்று அவரே. கேட்டிருந்த தொகையைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணில் தெரிந்தது தன் வீடுதான். அந்த இரண்டு அறையும், துணி காயும் துண்டு இடமும்.

சாயங்காலமே மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. யோசனை சொல்வதென்றால் தூக்கத்திலிருந்துகூட எழுந்து வருவான்.

“மாமா, ரெண்டே வேலை. நாளைக்கே இந்த வீட்டை உங்க பொண்ணு பேருக்கு மாத்துங்க. உங்க பேர்ல ஒண்ணுமே இல்லன்னா எதைப் புடுங்குவாங்க? அடுத்தது, கம்பியைக் கழட்டினது நீங்க இல்ல, கூலிக்கு வந்த ஆள்னு சொல்லிடுங்க. அப்படி முடியாட்டி, அந்தம்மாகிட்ட முன்னாடியே எச்சரிச்சேன்னு சொல்லுங்க. யார் பார்த்தா?”

அன்று இருந்த கலக்கத்தில், அந்த யோசனை அவருக்கு இனிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய். மனைவியைப் பார்த்தார். “முதல்ல வக்கீல் அம்மாவைப் பார்ப்போங்க,” என்றாள் அவள்.

மறுபடியும் ஐந்தாவது மாடி. இந்தத் தடவை லிஃப்ட் சத்தம் அவர் காதில் விழவில்லை.

“பொண்ணு பேருக்கு மாத்தறதா?” வக்கீல் அம்மா தலையை ஆட்டினார். “வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் அணை. நோட்டீஸ் வந்தப்புறம் மாத்தினா, ஏமாத்தறதுக்காகச் செஞ்சதுன்னு கோர்ட் அதைத் திருப்பி எடுத்துடும். உங்க பொண்ணையும் சேர்த்து இழுத்து விடுவீங்க. கம்பெனி விஷயம் பயமில்ல, சுவர் உறுதியா இருக்கு. ஆனா உங்க பேர்ல வந்திருக்கே, இது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம். அன்னைக்கே சொன்னேனே, ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இல்லை. ‘கிரீச்’ என்ற சத்தம்தான் ஞாபகம் இருந்தது.

“பாலிசியில வெளி ஆள்தான் வேலை செய்வாங்கன்னு எழுதியிருந்தா, சார் விஷயத்துல இன்ஷூரன்ஸ்காரங்க கையை விரிச்சுடுவாங்க,” என்று வக்கீல் அம்மா இழுத்தார். “என்ன எழுதியிருக்கீங்க?”

மனைவி பையைத் திறந்து, பாலிசியை எடுத்து, நான்காம் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினாள். பழுது பார்க்கும் வேலைகளைச் செய்பவர்: அவர் பெயர், முழுசாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு. அந்த வேலையில் அவர் தவறினாலும் பாலிசி செல்லும்.

வாசலில் பலகையாக மாட்ட ஆசைப்பட்ட பெயர். மெக்கானிக் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். எந்த வரியால் மானம் போனது என்று மூன்று நாள் வாய் பேசாமல் இருந்தாரோ, அந்த வரி. வக்கீல் அம்மா முன்னால் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்ப நிம்மதியா போங்க,” என்றார் வக்கீல் அம்மா. “ஒரே ஒரு விஷயம். விசாரிக்க வர்றவங்ககிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லணும். ஒரு பொய் கலந்தாலும் எல்லாம் போச்சு.”

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தது ஒரு இளம்பெண். மாடிப்படியை அளந்தாள், கம்பியைப் படம் பிடித்தாள், சிவப்பு அட்டையை ஒரு கவரில் போட்டுக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: “கம்பியைக் கழட்டி வச்சிருக்கேன்னு மாடியில இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டுப் போனீங்களா சார்?”

யார் பார்த்தா என்ற மச்சினனின் குரல் ஒரு நிமிஷம் காதோரம் வந்து நின்றது. போர்வை மேல் விரிந்து மூடிய இரண்டு விரலும் கூடவே வந்து நின்றன.

“இல்லம்மா. யார்கிட்டயும் சொல்லல. படிக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கலாம், கட்டல. அட்டை மாட்டினா போதும்னு நினைச்சேன். லிஃப்ட்ல போதும். படியில போதாது. என் தப்புதான், எழுதிக்கங்க.”

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியதை யானை தன் வாயால் சொல்வது கொஞ்சம் அபூர்வம்தான்.

மூன்று மாதம் இழுத்தது. கடைசியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொண்டது. தையல்காரியின் வைத்தியச் செலவு, வேலை இல்லாத ஆறு மாதம், கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணின் சம்பளம் எல்லாம் சேர்த்துக் கிடைத்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். இடது கையால், கோணல்மாணலாக. புகார் முடிந்தது. இரண்டு அறையும் துணி காயும் இடமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மெக்கானிக் சொன்னார்: “நீ என் கையை நம்பலன்னு நினைச்சேன்.”

“நம்பாமலா இருபத்தேழு வருஷமா அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டு இருக்கேன்?” என்றாள் அவள். “கையை நம்பறேங்க. அது சும்மா இருக்கும்னுதான் நம்பல. சாப்பிடுங்க, ஆறிடப் போகுது.”

ஆனால் கை இப்போது சும்மாதான் இருந்தது. வேலைக்குப் போனால் லிஃப்ட்டைத் தொடுவார்; எதையும் மூன்று தடவை சரிபார்ப்பார். நாலு குடித்தன வீட்டுக்குப் போனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். புதுக் கம்பி மாட்ட வெளி ஆட்களை வைத்தார். குழாய் ஒழுகினால் போன் போட்டு ஆள் அழைத்தார். ஆடும் கதவைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார். பார்க்க அவர் மனைவிக்கே பொறுக்கவில்லை. ஓயாத கை ஓய்ந்ததில் வீடே ஊமையானது மாதிரி இருந்தது.

வருஷம் திரும்பியது. பாலிசியைப் புதுப்பிக்க அதே இன்ஷூரன்ஸ்காரர் நாலு குடித்தன வீட்டுக்கே வந்தார். கீழ்த்தளத்து வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பரை விரித்தார். கணவனும் மனைவியும் எதிரே நின்றார்கள். நான்காம் பக்கம் வந்தது.

“பழுது வேலையெல்லாம் யார் செய்வாங்க? வெளி ஆளுங்கன்னு மாத்திடலாமா? சார் இப்ப எதையும் தொடறதில்லன்னு கேள்விப்பட்டேன். பிரீமியமும் குறையும்.”

உள்ளதைச் சொன்னால் அதுதான் உண்மை. மெக்கானிக் வாயைத் திறந்தார். அதற்குள் மாடியிலிருந்து குரல் வந்தது.

“அண்ணா, இருக்கீங்களா?”

தையல்காரி படி இறங்கி வந்தாள். இப்போதெல்லாம் மூட்டை கட்டுவதில்லை. தோளில் மாட்டும் பைதான். வலது கையால் புதுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மணிக்கட்டில் தையல் போட்ட தழும்பு கோடாகத் தெரிந்தது.

“நாளையிலிருந்து தைக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணா. ஆறு மாசமா மெஷினைத் தொடல. மிதிச்சா சக்கரம் சுத்த மாட்டேங்குது, இறுகிப்போச்சு. கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா?”

மெக்கானிக்கின் கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. “நான் ஆள் அனுப்பறேன்மா. மெஷின் பழுது பார்க்கிறவர் ஒருத்தர் இருக்காரு…”

“ஆள் எதுக்கு அண்ணா? நீங்க பாருங்க,” என்றாள் அவள். “போன தடவை நீங்க எண்ணெய் விட்டப்பதான் அது சத்தமே இல்லாம ஓடிச்சு.”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. இன்ஷூரன்ஸ்காரரைப் பார்த்துச் சொன்னாள்:

“போன வருஷம் எழுதினதையே எழுதுங்க சார்.”

“நிச்சயமாவா அம்மா?”

“எழுதுங்க.” இந்தத் தடவை சொன்னது மெக்கானிக். “என் பேரைப் போடுங்க. முழுசா.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டிப் பெட்டியிலிருந்து எண்ணெய்க் குப்பியையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு படியேறினார். மாடிக்குப் போனதும் முதல் வேலையாக, அறை வாசலுக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, புதுச் சிவப்பு அட்டை ஒன்றை அதில் மாட்டினார். அப்புறம் எட்டிப் பார்த்து, கீழே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

“மேல வேலை நடக்குது! யாரும் வராதீங்க!”

“வரல, வரல,” என்றாள் அவர் மனைவி கீழேயிருந்து. கொஞ்ச நேரத்தில் மெஷின் சக்கரம் சுற்றும் சத்தம் மெல்லக் கேட்டது.